பாதியில் நின்ற பட்டமும் பதிவேட்டுக் கணக்கும்

முப்பதைத் தாண்டிய பிறகு, விட்டுப்போன படிப்பை முடித்துவிடலாமா என்று யோசிக்கிறவர் தன்னையே கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி "இனிமேல் மண்டையில் ஏறுமா?" என்பதாகத்தான் இருக்கும். அடுத்தது, "சின்னப் பிள்ளைகளோடு போய் உட்கார்ந்தால் என்ன நினைப்பார்கள்?" இரண்டும் இயல்பான பயங்கள். ஆனால் ஏற்கெனவே திரும்பிப் போனவர்களிடம் பேசிப் பாருங்கள். பாடம் புரியாமல் திண்டாடியதைவிட, பதிவாளர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்ததையும், ஞாயிற்றுக்கிழமை இரவு பதினொரு மணிக்கு அசைன்மென்ட்டோடு உட்கார்ந்ததையும்தான் அதிகம் சொல்வார்கள். மூளை எப்படியோ சமாளித்துக்கொள்கிறது. இடிப்பது கணக்கு: பழைய பாடங்களில் எத்தனை இன்னும் செல்லும், மிச்சத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும், அந்த நேரத்தை எங்கிருந்து எடுப்பது.

இந்த நிலையில் இருப்பவர்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. கல்லூரியில் சேர்ந்து, பட்டமோ சான்றிதழோ வாங்காமல் வெளியேறியவர்கள் அமெரிக்காவில் மட்டும் சுமார் 4 கோடிப் பேர் என்று நேஷனல் ஸ்டூடன்ட் கிளியரிங்ஹவுஸ் என்ற அங்குள்ள மாணவர் தரவு அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. ஒரே செமஸ்டரோடு நின்றவரும் இதில் உண்டு, ஒரே ஒரு பேப்பரைப் பாக்கி வைத்தவரும் உண்டு. வேலைக்கான விண்ணப்பப் படிவத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது. பட்டம் உண்டா, இல்லையா என்று கேட்கும், அவ்வளவுதான்.

முக்கால்வாசி படித்தவருக்கு முக்கால்வாசிச் சம்பளம் கிடைப்பதில்லை. பொருளியலில் இதற்கு வேடிக்கையான ஒரு பெயர் இருக்கிறது: ஆட்டுத்தோல் விளைவு. பட்டச் சான்றிதழை ஒரு காலத்தில் ஆட்டுத்தோலில் எழுதிக் கொடுத்ததால் வந்த பெயர். படிக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் வருமானம் சீராகக் கூடிக்கொண்டு போகும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். நடப்பது வேறு. பட்டம் கைக்கு வரும் ஆண்டில் மட்டும் அது சட்டென்று ஒரு படி தாவுகிறது. 1987-இல் தாமஸ் ஹங்கர்ஃபோர்ட், கேரி சோலன் என்ற இரு பொருளியலாளர்கள் அமெரிக்கத் தரவுகளிலிருந்து இந்தத் தாவலை எடுத்துக் காட்டினார்கள். கடைசி ஆண்டில் மட்டும் அப்படி என்ன பெரிதாகச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்?

இதற்கு ஒரு விளக்கம் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் முன்வைத்த சமிக்ஞைக் கோட்பாட்டில் இருக்கிறது. பின்னாளில், 2001-இல், நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். வேலைக்கு ஆள் எடுப்பவருக்கு வருகிறவரின் திறமை நேரடியாகத் தெரியாது. அதனால் வெளியில் தெரியும் ஓர் அடையாளத்தைப் பிடித்துக்கொள்கிறார். ஆரம்பித்ததை முடிக்கிற ஆள் என்பதற்குப் பட்டம் அப்படி ஓர் அடையாளம். பாடத்தில் கற்றது எல்லோருக்கும் படிப்படியாகச் சேர்கிறது. அடையாளம் மட்டும் முழுசாக வரும், இல்லாவிட்டால் வரவே வராது. இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். தகப்பனுக்குப் பக்கவாதம் வந்ததால் ஆறாம் செமஸ்டரில் நின்றவரும், சோம்பலால் நின்றவரும் அந்த அடையாளத்தின் முன் ஒன்றாகிவிடுகிறார்கள். ஆனால் ஊர் இப்படித்தான் இயங்குகிறது என்றால், கடைசிக் கொஞ்சத்தை விட்டுவிட்டு வந்தவர் உழைப்பில் பெரும்பங்கைக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்காமல் வந்தவர் என்றாகிறது.

அதற்காக எல்லோரும் ஓடிப்போய்ச் சேர வேண்டும் என்று இல்லை. 28 வயதில் முடிப்பவருக்குப் பட்டத்தின் பலன் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரும். 57 வயதில் முடிப்பவருக்கு அப்படி வராது. சொந்தத் தொழில் செய்பவரிடம் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. அடுத்த பதவி உயர்வுக்குப் பட்டம் கட்டாயம் என்று அலுவலக விதியே சொல்லும்போது கணக்கு எளிது. அப்படி இல்லாத இடத்தில், பட்டம் கிடைத்தால் நிலைமை எப்படி மாறும் என்பதை அதே துறையில் இருக்கும் இரண்டு மூன்று பேரிடம் கேட்டுவிட்டு இறங்குவது நல்லது. கல்லூரியின் விளம்பரம் இந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்லாது.

பணத்துக்காக இல்லாமல் முடிப்பவர்களும் இருக்கிறார்கள். கூடைப்பந்து வீரர் ஷகீல் ஓ'நீல் 1992-இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தை விட்டு ஆட்டத்துக்குப் போனார். 2000-இல், சம்பாதிக்க வேண்டிய அவசியமே இல்லாத உச்சத்தில் இருந்தபோது, பட்டத்தை முடித்தார். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு என்றார். அமெரிக்காவின் கேன்சஸில் நோலா ஓக்ஸ் என்ற மூதாட்டி 2007-இல் தம் 95-ஆம் வயதில் பட்டம் வாங்கினார். அதே விழாவில் அவருடைய பேத்தியும் பட்டம் வாங்கினாள். இவர்களுக்குச் சம்பளக் கணக்கைப் போட்டுக் காட்டி என்ன பயன்? சரி, முடிப்பது என்று முடிவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி எல்லாமே கிரெடிட்டைச் சுற்றித்தான்.

ஓய்வூதியத்தில் பிறந்த அளவுகோல்

கிரெடிட் என்பது எவ்வளவு கற்றோம் என்பதை அளக்கும் அலகு என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது எவ்வளவு நேரம் உட்கார்ந்தோம் என்பதை அளக்கத் தொடங்கிய அலகு. அதன் பிறப்புக் கதையும் விசித்திரமானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னகி, அமெரிக்கக் கல்லூரிப் பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் கொடுக்க ஓர் அறக்கட்டளை வைத்தார். எந்தக் கல்லூரிக்குக் கொடுப்பது? 'கல்லூரி' என்று பலகை மாட்டியவை எல்லாம் கல்லூரி ஆகிவிடாதே. மாணவர்களைச் சேர்க்கும்போது இத்தனை மணி நேரம் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்று கேட்கும் நிறுவனம்தான் கல்லூரி என்று 1906 வாக்கில் ஒரு வரையறை வைத்தார்கள். ஒரு பாடத்துக்கு 120 மணி நேர வகுப்பு ஓர் அலகு. ஓய்வூதியம் வேண்டுமே, கல்லூரிகளும் மளமளவென்று ஏற்றுக்கொண்டன. மணி நேரத்தை எண்ணும் அந்தப் பழக்கம் அப்புறம் கல்லூரிக்குள்ளேயும் நுழைந்தது. நூறு ஆண்டுகள் கழித்து ஒருவருடைய பழைய பாடம் செல்லுமா செல்லாதா என்பதை முடிவு செய்வது, பேராசிரியர்களின் முதுமைக்காகப் போட்ட அந்தக் கணக்கின் வாரிசுதான்.

இன்று அமெரிக்காவில் இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட் வேண்டும். ஐரோப்பாவில், ஒரு நாட்டில் வாங்கிய கிரெடிட்டை இன்னொரு நாட்டுக்கு மாற்றிக்கொள்ள உதவும் இ.சி.டி.எஸ். என்ற முறை 1989-இல் வந்தது; ஓர் ஆண்டு முழுநேரப் படிப்பு 60 கிரெடிட், மூன்றாண்டுப் பட்டம் 180. ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்று வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் ஹானர்ஸ் பட்டம் 360 கிரெடிட், ஒவ்வொன்றும் பத்து மணி நேரம். பெருக்கிப் பார்த்தால் பிரிட்டனில் 3,600 மணி நேரம், ஐரோப்பியக் கணக்கில் குறைந்தது 4,500. இரண்டும் சமமான பட்டங்களாகவே நடத்தப்படுகின்றன. அளவுகோல் இவ்வளவு நெகிழ்வாக இருக்கும்போது, உங்கள் பழைய கிரெடிட்டை எடைபோடும் அதிகாரி மட்டும் தசமப் புள்ளி வரை கறாராக இருப்பார் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ள வேண்டும்.

திரும்பி வருபவருக்கு இந்தக் கணக்கில் நான்கு இடங்களில் கை கடிக்கலாம்.

முதலாவது, எந்த ஆண்டின் விதி. ஒருவர் சேர்ந்த ஆண்டில் இருந்த பாடத்திட்டப்படி முடிக்கலாமா, இன்றைய பாடத்திட்டத்துக்கு மாற வேண்டுமா என்பதைப் பொறுத்து மிச்சம் இரண்டு பாடமாகவும் இருக்கலாம், எட்டாகவும் இருக்கலாம். இடைவெளி விடாமல் படித்தவருக்குப் பழைய விதி. இடையில் விலகி மறுசேர்க்கை வாங்குபவருக்குப் புதிய விதி என்பது பல இடங்களில் வழக்கம். விதிவிலக்கு கேட்டால் கிடைக்கும் இடங்களும் உண்டு, கேட்காதவருக்குத் தாமாக யாரும் கொடுப்பதில்லை.

இரண்டாவது, பாடத்தின் ஆயுள். இலக்கியம், வரலாறு, மெய்யியல் போன்றவை பெரும்பாலும் கெட்டுப்போவதில்லை. கணினி, செவிலியம், ஆய்வகம் சார்ந்த அறிவியல் பாடங்களுக்கு ஐந்து அல்லது பத்து ஆண்டு என்று பல கல்லூரிகள் காலக்கெடு வைத்திருக்கின்றன. இதில் பிரையன் மே கொஞ்சம் அதிர்ஷ்டசாலி. குவீன் இசைக்குழுவின் கிட்டார் கலைஞரான அவர் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் வானியற்பியல் முனைவர் ஆய்வை 1974-இல் பாதியில் விட்டார். 2006-இல் திரும்பி வந்து, 2007-இல் அறுபது வயதில் முடித்தார். அவருடைய பொருள், சூரியக் குடும்பத்துக்குள் பரவிக் கிடக்கும் தூசி. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் அந்தத் தூசியைப் பற்றிப் பெரிதாக யாரும் அலட்டிக்கொள்ளாததால் அவருடைய பழைய அவதானிப்புகள் செல்லுபடியாகவே இருந்தன. 1974-இல் கணினியியல் படித்து நின்றவருக்கு இந்தச் சலுகை வாய்த்திருக்காது.

மூன்றாவது, கல்லூரி மாறினால் வரும் இழப்பு. பட்டம் கொடுக்கும் கல்லூரியிலேயே குறைந்தது கால் பங்கு கிரெடிட்டாவது எடுத்திருக்க வேண்டும் என்ற விதி பரவலாக இருக்கிறது. ஆக 110 கிரெடிட்டோடு வேறு கல்லூரிக்குப் போகிறவர் "இன்னும் பத்துதானே" என்று நினைத்துப் போய், முப்பது எடுக்க வேண்டியிருப்பதைக் கண்டு மலைத்து நிற்பார். அதோடு, ஏற்றுக்கொள்கிறோம் என்று கல்லூரி சொல்லும் வார்த்தைக்கே இரண்டு அர்த்தம் உண்டு. பழைய பாடத்தைப் 'பொது விருப்பப் பாடம்' என்ற கணக்கில் ஏற்றுக்கொண்டு, முதன்மைப் பாடத்தின் தேவையை மறுபடி எழுதச் சொல்வார்கள். பட்டியலில் எண்ணிக்கை அப்படியே இருக்கும், வேலையும் அப்படியே இருக்கும். எத்தனை கிரெடிட் ஏற்கப்பட்டது என்று கேட்பதைவிட, எந்தத் தேவைகள் இன்னும் பாக்கி என்று கேட்பதே சரியான கேள்வி. நாடு மாறியவர்களுக்கு ஒரு பிடிமானம் உண்டு. கணிசமான வேறுபாடு இருப்பதை நிறுவினாலொழிய வெளிநாட்டுப் படிப்பை நிராகரிக்கக் கூடாது என்பது 1997-இல் லிஸ்பனில் ஏற்பட்ட அங்கீகார உடன்படிக்கையின் சாரம். அதில் சேர்ந்த நாடுகளில் இந்த வாதத்தை முன்வைக்கலாம்.

நான்காவது, கட்டாமல் விட்ட பாக்கி. நூலகத்துக்குத் திருப்பித் தராத புத்தகம், கடைசி செமஸ்டரின் கட்டணத்தில் ஒரு துண்டு, எப்போதோ விதித்த அபராதம். இதற்காக மதிப்பெண் பட்டியலையே கொடுக்காமல் நிறுத்தி வைக்கும் கல்லூரிகள் இருக்கின்றன. பட்டியல் இல்லாமல் வேறு எங்கும் சேர முடியாது. பட்டம் இல்லாமல் பாக்கியைக் கட்டும் வருமானம் வராது. கழுத்தில் கயிற்றைக் கட்டிவிட்டு ஓடு என்பது போன்ற ஏற்பாடு. கலிஃபோர்னியா மாநிலம் 2020 முதல் இப்படிப் பட்டியலை நிறுத்தி வைப்பதைத் தடை செய்துவிட்டது. பாக்கி இருக்கிறது என்று தெரிந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாக அதைப் பேசித் தீர்ப்பதுதான் வேலை. நீண்ட நாள் ஆன சின்னத் தொகைகளைத் தவணையில் கட்டச் சொல்லியோ தள்ளுபடி செய்தோ முடித்துவைக்கவே பல அலுவலகங்கள் விரும்பும்.

இந்த இடைவெளி ஆண்டுகளில் ஒருவர் சும்மா இருந்திருக்க மாட்டார். பத்து ஆண்டு கணக்கு எழுதியவரை அடிப்படைக் கணக்கியல் வகுப்பில் உட்கார வைப்பது யாருக்கு லாபம்? இந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் முன்கற்றலை மதிப்பிடும் முறை. அமெரிக்காவில் சி.எல்.இ.பி. என்ற தேர்வுகள் 1967 முதல் நடக்கின்றன. வகுப்புக்குப் போகாமலே தேர்வை எழுதி, தேறினால் கிரெடிட் வாங்கலாம். பிரான்ஸ் இன்னும் துணிந்து போனது. 2002-இல் வந்த ஒரு சட்டத்தின்படி, பணி அனுபவத்தை ஆவணமாகத் தொகுத்து, நடுவர் குழு முன் விளக்கி, ஒரு முழுப் பட்டத்தையே வாங்க முடியும். எளிது என்று நினைத்துவிட வேண்டாம். "செய்திருக்கிறேன்" என்பதற்கு அங்கே மதிப்பில்லை. "செய்ததிலிருந்து இன்ன கோட்பாட்டைப் புரிந்துகொண்டேன், இதோ அதற்குச் சான்று" என்று எழுத வேண்டும். வேலையில் கெட்டிக்காரர்கள் பலர் தடுமாறுவது இந்த எழுத்தில்தான்.

இதில் நாடறிந்த உதாரணம் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். 1960-களின் இறுதியில் லாங் பீச்சில் இருந்த கல்லூரியை விட்டுப் படம் இயக்கப் போனவர், 2002-இல் 55 வயதில் அங்கேயே திரைப்படக் கலையில் பட்டத்தை முடித்தார். மாணவர்கள் எடுத்துக் காட்ட வேண்டிய செய்முறைப் படத்துக்குப் பதிலாக, தாம் ஏற்கெனவே எடுத்த ஒரு முழுநீளப் படத்தைச் சமர்ப்பித்தார். மற்ற பாடங்களை அவரும் எல்லோரையும் போல எழுதித்தான் முடித்தார்.

மண்டையில் ஏறுமா?

இப்போது அந்த முதல் கேள்விக்கு வருவோம். மறந்துபோனது உண்மையிலேயே போய்விட்டதா என்பதை முதலில் அளந்து பார்த்தவர் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர். 1885-இல் வெளியிட்ட ஆய்வில், பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, மறந்த பிறகு அதையே மறுபடி படிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று தம்மையே வைத்துச் சோதித்தார். 31 நாள் கழித்தும், முதல் தடவை ஆனதைவிட ஐந்தில் ஒரு பங்கு நேரம் மிச்சமானது. நினைவுக்குக் கொண்டுவர முடியாத ஒன்று, மறுபடி கற்கும்போது கைகொடுக்கிறது. அர்த்தமே இல்லாத அசைகளுக்கே இவ்வளவு என்றால், புரிந்து படித்த பாடம் எவ்வளவோ மேல்.

எவ்வளவு மேல் என்பதை ஹாரி பாரிக் என்ற உளவியலாளர் காட்டினார். பள்ளியிலும் கல்லூரியிலும் ஸ்பானிய மொழி படித்த எழுநூற்றுக்கும் மேற்பட்டவர்களை, படித்து ஐம்பது ஆண்டு வரை ஆனவர்களையும் சேர்த்து, அவர் சோதித்து 1984-இல் வெளியிட்டார். முதல் மூன்றிலிருந்து ஆறு ஆண்டுகளுக்குள் நிறைய மறந்துபோகிறது. அதன்பின் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்குப் பெரிய இழப்பே இல்லை. அதாவது, படிப்பை விட்டு ஏழு ஆண்டு ஆனவருக்கும் இருபது ஆண்டு ஆனவருக்கும் இதில் நாம் பயப்படும் அளவுக்கு வித்தியாசம் கிடையாது. மறக்க வேண்டியது ஏற்கெனவே மறந்தாயிற்று. 1991-இல் பாரிக், லிண்டா ஹால் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து இயற்கணிதத்தை எடுத்துக்கொண்டார். நுண்கணிதம் வரை மேலே படித்தவர்கள் ஐம்பது ஆண்டு கழித்தும் பள்ளி இயற்கணிதத்தைக் கிட்டத்தட்ட அப்படியே வைத்திருந்தார்கள். அத்தோடு கணக்கை விட்டவர்களிடம், அப்போது நல்ல மதிப்பெண் வாங்கியவர்களிடம்கூட, பெரும்பகுதி போயிருந்தது. திரும்பி வருபவர் இதிலிருந்து ஒரு நடைமுறைக் குறிப்பை எடுத்துக்கொள்ளலாம். எதன் மேல் நீங்கள் அடுத்த பாடத்தைக் கட்டினீர்களோ அது நிற்கும். தேர்வு முடிந்ததும் மூடி வைத்தது நிற்காது. அரியர் வைத்த பாடம் பெரும்பாலும் இரண்டாவது வகையாகத்தான் இருக்கும். அதற்கு மட்டும் செமஸ்டர் தொடங்கும் முன்பே ஒரு மாதம் ஒதுக்கினால் பாதிப் பாரம் குறையும்.

வயதால் மூளை மந்தமாவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சியாட்டிலில் வார்னர் ஷாயி 1956-இல் தொடங்கிய ஆய்வு, அதே மனிதர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தது. பெரும்பாலான திறன்களில் தெளிவான சரிவு அறுபதுகளுக்கு முன் தெரியவில்லை. சொல்வளம் போன்றவை நடுவயதில் கூடவே செய்கின்றன. வேகம் குறைகிறது என்பது உண்மை. கடிகாரத்தை வைத்து எழுதும் தேர்வில் இருபது வயதுக்காரர் முந்துவார். கட்டுரை, ஆய்வறிக்கை, திட்டப்பணி என்று வந்தால் அவருக்கு அந்தச் சாதகம் இல்லை.

வயதில் மூத்தவர்கள் உண்மையிலேயே பின்தங்குவது படிக்கும் முறையில். பழைய வழக்கப்படி ஒரே பாடத்தை மூன்று தடவை வாசித்துவிட்டு, கோடு போட்டுவிட்டு, படித்துவிட்டதாக நினைப்பது. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு ஆய்வாளர்கள் 2006-இல் செய்த சோதனையின் முடிவு இதற்கு நேரெதிரானது. திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். பேருந்துக்குக் காத்திருக்கும் பத்து நிமிடத்திலும் செய்யக்கூடியது இந்த இரண்டாவது முறைதான். நேரம் இல்லாதவருக்கு அதுவே போதும்.

நேரம்

பாக்கி அரை ஆண்டுப் படிப்பு, அதாவது ஐரோப்பியக் கணக்கில் 30 கிரெடிட் என்று வைப்போம். 750 முதல் 900 மணி நேரம். வாரத்துக்கு 12 மணி நேரம் ஒதுக்கினால் 62 முதல் 75 வாரம். காய்ச்சல், அலுவலகத்தில் ஆண்டுக் கடைசி நெருக்கடி, பிள்ளைக்குப் பரீட்சை என்று கழித்தால் ஒன்றரை ஆண்டு. "ஆறே மாதப் பாக்கி" என்று சொல்லிக்கொண்டு இறங்குகிறவர் நான்காம் மாதத்தில் மனம் உடைந்து நிற்பது, ஒன்றரை ஆண்டு என்று யாரும் முன்கூட்டிச் சொல்லாததால்தான். அமெரிக்கக் கணக்கில் மூன்று கிரெடிட் பாடம் ஒன்றுக்கு வகுப்பில் மூன்று மணி நேரமும் வெளியே ஆறு மணி நேரமும் வாரந்தோறும் ஆகும் என்று வைத்திருக்கிறார்கள். இரண்டு பாடம் எடுத்தால் வாரம் பதினெட்டு மணி நேரம். முழுநேர வேலையோடு முதல் செமஸ்டரிலேயே இரண்டு எடுப்பது ஆசையில் செய்யும் தவறு என்பது என் கருத்து. ஒன்றை எடுத்து, உண்மையில் எத்தனை மணி நேரம் ஆகிறது என்று எழுதி வைத்துப் பார்த்துவிட்டு அடுத்ததை முடிவு செய்யலாம்.

அந்தப் பன்னிரண்டு மணி நேரம் யாரோ ஒருவரிடமிருந்துதான் வரும். தூக்கத்திலிருந்து எடுத்தால் மூன்று மாதம் தாங்கும். மற்றபடி வீட்டில் இன்னொருவர் சமைக்க வேண்டும், பிள்ளையைக் கூட்டி வர வேண்டும், சனிக்கிழமை விருந்தாளிகளைச் சமாளிக்க வேண்டும். இதை முன்கூட்டியே, எந்த நாள், எத்தனை மணி என்று பேசி வைத்த வீடுகளில் படிப்பு ஓடுகிறது. "எனக்குப் பக்கபலமாக இரு" என்று பொதுவாகச் சொன்ன வீடுகளில் இரண்டாம் மாதமே முகம் கோணுகிறது. பெண்களுக்கு இந்தப் பேச்சு இன்னும் கடினம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுடைய பன்னிரண்டு மணி நேரத்தை வீடு ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கும்.

வகுப்பே மாலையிலும் தபாலிலும் திரையிலும் வரலாம் என்று கல்லூரிகள் ஒப்புக்கொள்ள நெடுநாள் ஆனது. லண்டன் பல்கலைக்கழகம் 1858-இல், எந்தக் கல்லூரியிலும் உட்காராதவர்களும் தன் தேர்வை எழுதலாம் என்று திறந்துவிட்டது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969-இல் சாசனம் பெற்று, 1971-இல் முன்தகுதி எதுவும் கேட்காமல் மாணவர்களைச் சேர்த்தது. அதன் பாடங்களுக்காக வேலைக்குப் போகிறவர்கள் நள்ளிரவிலும் விடியற்காலையிலும் பி.பி.சி. தொலைக்காட்சி முன் உட்கார்ந்தார்கள். இந்தியாவில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-இல் வந்தது. 2021-இல் தொடங்கிய கிரெடிட் வங்கியில், வாங்கிய கிரெடிட்டைச் சேமித்து வைத்து வேறு நிறுவனத்தில் தொடரவும் வழி செய்திருக்கிறார்கள். இணையவழிப் படிப்புகள் பெருகிய பிறகு போலிகளும் பெருகிவிட்டன. பணம் கட்டுவதற்கு முன், அந்த நாட்டின் அங்கீகார அமைப்பு வெளியிட்டிருக்கும் பட்டியலில் கல்லூரியின் பெயரை நீங்களே தேடிப் பார்க்க வேண்டும். கல்லூரி தன் விளம்பரத்தில் போட்டிருக்கும் முத்திரையை நம்ப வேண்டாம்.

சின்னப் பிள்ளைகளோடு உட்காரும் கூச்சம் ஒன்று பாக்கி இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்து அமெரிக்காவில் இதே பேச்சு நாடளவில் எழுந்தது. திரும்பி வரும் வீரர்களுக்குக் கல்விச் செலவைக் கொடுக்கும் சட்டம் 1944-இல் வந்தபோது, சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ், கல்லூரிகள் நாடோடிகளின் கூடாரமாகிவிடும் என்று எச்சரித்தார். சுமார் 22 லட்சம் பேர் கல்லூரிக்குப் போனார்கள். 1947-இல் கல்லூரி சேர்க்கையில் ஏறக்குறைய பாதி அவர்கள்தான். கல்யாணம் ஆனவர்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள். கூடவே படித்த இளைஞர்கள் அவர்களுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். தமிழில் சொன்னால், 'சராசரியை ஏற்றிவிடும் சனியன்கள்'. வகுப்பில் கேள்வி கேட்டு, வேலையை நேரத்துக்கு முடித்து, எல்லோருடைய மதிப்பெண்ணையும் சிறியதாகக் காட்டியதால் வந்த எரிச்சல்.

இவ்வளவையும் யோசிப்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒரே ஒரு வேலை: பழைய மதிப்பெண் பட்டியலை வரவழைத்து, பட்டத்துக்கான தேவைகளோடு வரிக்கு வரி ஒப்பிட்டுத் தரும்படி கல்லூரியிடம் எழுத்தில் கேட்பது. பலர் இதைத்தான் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள், பழைய தோல்விகளை மறுபடி பார்க்க மனம் வராமல். அமெரிக்காவில் 2009 முதல் சில ஆண்டுகள் ப்ராஜெக்ட் வின்-வின் என்ற பெயரில் ஒரு முயற்சி நடந்தது. சுமார் அறுபது கல்லூரிகள், விலகிப் போனவர்களின் பழைய பதிவேடுகளை எடுத்து இப்படி ஒப்பிட்டுப் பார்த்தன. இரண்டாண்டுப் பட்டத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் எப்போதோ முடித்துவிட்டு, அது தெரியாமலே போனவர்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்தார்கள். 4,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரு பாடம்கூடப் புதிதாக எழுதாமல் பட்டம் போய்ச் சேர்ந்தது. வேறு பலருடைய முகவரியைக் கல்லூரிகளால் கண்டுபிடிக்க முடியவில்லை.